ஒரு வாணலி, மூன்று வெப்பங்கள்

அமெரிக்க வீடுகளில் வேலைநாள் இரவுக்கென்றே ஒரு சமையல் உண்டு. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மாட்டுக் கொத்துக்கறி, ஒரு வெங்காயம், ஒரு கப் நீள அரிசி, இரண்டு கப் எலும்புச் சாறு அல்லது வெந்நீர், கொஞ்சம் தக்காளி விழுது, கடைசியில் இரண்டு கைப்பிடி துருவிய செடார் சீஸ். பாத்திரம் ஒன்றே ஒன்று, அடி கனத்த அகலமான வாணலி. வேலை முடிந்து வீடு திரும்பியவர் முக்கால் மணி நேரத்தில் நான்கு பேருக்குப் பரிமாறிவிடலாம். கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு.

கொஞ்சம் கறியைத் தானியத்தோடு சேர்த்துப் பல வயிறுகளை நிரப்புவது எல்லா நாட்டு ஏழை எளியவர்களும் அறிந்த சிக்கனம்தான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாட்டிறைச்சி விலை ஏறியபோது இந்தச் சிக்கனம் வணிகமாகவும் மாறியது. ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1971-ல் ‘ஹாம்பர்கர் ஹெல்பர்’ என்ற பெட்டியை நாடெங்கும் விற்கத் தொடங்கியது. உள்ளே உலர்ந்த பாஸ்தாவோ அரிசியோ இருக்கும், கூடவே ஒரு மசாலாப் பொட்டலம். வாங்குபவர் ஒரு பவுண்டு கொத்துக்கறியை மட்டும் சேர்த்தால் போதும். பெட்டி இல்லாமலே இதைச் செய்கிற வீடுகளும் ஏராளம்.

பார்க்க எளிய சமையல். ஆனால் இதில் சேரும் மூன்று முக்கியப் பொருள்களும் அடுப்பிடம் கேட்பது மூன்று வேறு வேறு வரங்கள். கறிக்கு ஈரமில்லாத கடுஞ்சூடு வேண்டும், 150 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில். அரிசிக்குத் தண்ணீர் வேண்டும், 100 டிகிரியைத் தாண்டாத கொதி வேண்டும். சீஸுக்கு 65 டிகிரியே போதும், அதற்கு மேல் வெகுதூரம் போனால் அது கெட்டுவிடும். மூன்றையும் ஒரே பாத்திரத்தில் திருப்திப்படுத்த ஒரே வழிதான் இருக்கிறது. உச்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். ‘முதலில் கறி, பிறகு அரிசி, கடைசியில் சீஸ்’ என்று சமையல் குறிப்பு போகிறபோக்கில் சொல்லும் வரிசைக்குள் இருப்பது இந்த வெப்ப இறக்கம்தான்.

முதல் படி: 150 டிகிரி

பச்சைக் கறியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். வாணலியில் கறி விழுந்ததும் முதலில் நடப்பது இந்தத் தண்ணீருக்கும் நெருப்புக்குமான போர். ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 ஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிராமைக் கொதிநிலையிலேயே ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். அதாவது சூடாக்குவதைவிட விரட்டுவதற்கு ஏழு மடங்குக்கும் மேல் செலவு. அந்தத் தண்ணீர் போகிறவரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அந்த ஆற்றல் முழுவதும் நீராவியாகவே வெளியேறும்.

இதனால்தான் சிறிய வாணலியில் கறியைக் குவித்துப் போட்டால் அது சாம்பல் நிறமாகித் தன் சாற்றிலேயே வேகிறது. அகலமான வாணலியில், நன்றாகக் காய்ந்த பிறகு, மெல்லிய படலமாகப் பரப்பி, உடனே கிளறாமல் விட்டால் தண்ணீர் விரைவாக ஓடிவிடும். இதை வாணலியின் ஓசையைக் கேட்டே அறியலாம். முதலில் சலசலவென்ற ஈரச் சத்தம். தண்ணீர் தீர்ந்ததும் அது சடசடவென்று வெடிக்கிற வறண்ட சத்தமாக மாறும். மேற்பரப்பு 100 டிகிரியைக் கடந்து 140, 150 என்று ஏறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கறி பழுப்பாவது அப்போதுதான்.

இந்தப் பழுப்புக்குப் பின்னால் இருக்கும் வேதியியலை 1912-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தவர் லூயி கமீய் மயார். அவர் சமையல்காரர் அல்லர், மருத்துவமும் வேதியியலும் படித்தவர். உயிர்களின் உடலில் புரதம் எப்படி உருவாகிறது என்று அறிவதே அவருடைய நோக்கம். சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கியபோது கலவை பழுப்பாவதைக் கண்டார். அவர் கண்டது உணவுலகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே புரிந்தது. 1953-ல் அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் ஹாட்ஜ் என்ற கறுப்பின வேதியியலாளர், இந்த வினை எந்தெந்த வழிகளில் கிளைபிரிந்து செல்கிறது என்று ஒரு வரைபடமாகத் தொகுத்தார். இன்றும் உணவு வேதியியல் மாணவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மயார் வினை ஒற்றை வினை கிடையாது. சர்க்கரையும் அமினோ அமிலமும் முதலில் இணைகின்றன. அந்தச் சேர்மம் உருமாறுகிறது, உடைகிறது, உடைந்த துண்டுகள் தமக்குள் மறுபடி சேர்கின்றன. இறுதியில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும், மெலனாய்டின் எனப்படும் பழுப்பு நிறமிகளும் உருவாகின்றன. தோசையின் முறுகலிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் இருப்பது இதே வினைதான். கறிக்கென்று தனி மணம் வருவதற்குக் காரணம் அதிலுள்ள கந்தகம். சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலமும் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சேரும்போது, வெந்த கறிக்கே உரிய மணமுள்ள சேர்மங்கள் பிறக்கின்றன. மிகமிகச் சிறிய அளவில் இருந்தாலும் நம் மூக்கு அவற்றைக் கண்டுபிடித்துவிடும்.

அந்த ரைபோஸ் கறிக்குள் எங்கிருந்து வந்தது? உயிருள்ள தசையின் எரிபொருள் ஏடிபி என்ற மூலக்கூறு. மாடு நடந்ததும் ஓடியதும் அதைச் செலவழித்துத்தான். உயிர் போனபின் ஏடிபி மெல்லச் சிதைகிறது. சிதைவின் ஒரு துண்டு ரைபோஸ். இன்னொரு துண்டு இனோசினேட். ரைபோஸ் இந்த முதல் படியில் மணமாகிறது. இனோசினேட்டின் வேலை கடைசியில், நாக்கில்தான் இருக்கிறது.

கறி வெந்த பிறகு வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அடிப்பிடித்துவிட்டதே என்று சுரண்டி எறிந்துவிடக் கூடாது. மயார் வினையின் விளைச்சலில் பெரும்பங்கு அங்கேதான் குடியிருக்கிறது. கருகாமல் பழுப்பாகவே இருந்தால் அது சொத்து.

கொத்துக்கறிக்கு மட்டும் ஒரு விதி

முழுத்துண்டு மாட்டிறைச்சியை வெளியே பொரித்து உள்ளே சிவப்பாகவே சாப்பிடுவது மேலைநாட்டு வழக்கம். கொத்துக்கறியில் அந்தச் சலுகை கிடையாது. கறியின் மேல் படியும் பாக்டீரியா பொதுவாக மேற்பரப்பிலேயே தங்கும், முழுத்துண்டில் நெருப்பு முதலில் தொடும் இடமும் அதுவே. இயந்திரத்தில் அரைக்கும்போது வெளிப்புறம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. மேலே இருந்தது கறி முழுவதும் கலந்துவிடுகிறது.

1993-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சரியாக வேகாத ஹாம்பர்கர் மூலம் பரவிய ஈ. கோலை O157:H7 தொற்றில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நான்கு குழந்தைகள் இறந்தன. அடுத்த ஆண்டே இந்தப் பாக்டீரியா கலந்த கொத்துக்கறி விற்பனைக்குத் தகாதது என்று அமெரிக்க வேளாண்துறை அறிவித்தது. கொத்துக்கறியின் உட்பகுதி 71 டிகிரியை எட்ட வேண்டும் என்பது வீட்டுச் சமையலுக்கு அத்துறை தரும் பரிந்துரை. நிறத்தைப் பார்த்து முடிவுசெய்வது ஆபத்து. கறிக்குச் சிவப்பைத் தரும் மயோகுளோபின், காற்றோடு கலந்த நேரத்தைப் பொறுத்து, 71 டிகிரிக்குக் கீழேயே பழுப்பாகிவிடக்கூடும். நம் ஒற்றை வாணலிச் சமையலில் கறி பழுப்பானபின் மேலும் இருபது நிமிடம் கொதிநீரில் கிடக்கிறது. அதனால் இந்தக் கவலை இங்கே அநேகமாகத் தானாகவே தீர்ந்துவிடும்.

அரைப்பதில் ஒரு நன்மையும் உண்டு. மாட்டின் கழுத்து, தோள் போன்ற அதிகம் உழைத்த தசைகளில் கொலாஜன் என்ற இணைப்புத்திசு நிறைந்திருக்கும். அது கரைந்து ஜெலட்டின் ஆக மணிக்கணக்கில் சிறுதீயில் வேக வேண்டும். அரைக்கும் இயந்திரம் அந்த நார்களைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறது. குழம்பில் இரண்டு மணி நேரம் கேட்கும் மலிவான கறி முக்கால் மணிச் சமையலுக்குள் வந்துவிடுவது இப்படித்தான்.

இரண்டாம் படி: 100 டிகிரி

இப்போது வாணலியில் எலும்புச் சாற்றை ஊற்றுகிறோம். அந்த நொடியே வெப்பம் சரிந்து, மறுபடி ஏறி, 100 டிகிரியில் வந்து நிற்கிறது. இனி நீர் இருக்கும்வரை அதைத் தாண்டாது. சற்றுமுன் எதிரியாக இருந்த அதே தண்ணீர் இப்போது காவலுக்கு நிற்கிறது. அடியில் ஒட்டிய பழுப்புப் படலம் சுடுநீரில் கரைந்து கலங்குகிறது. கறியில் பிறந்த சுவை அரிசிக்குள் போகும் வழி இதுதான். தனியாக வடித்த சோற்றைக் கறியோடு பிசைந்தால் இந்த ருசி வராது, ஏனென்றால் அந்தச் சோறு ஏற்கெனவே வெறும் தண்ணீரைக் குடித்து வயிறு நிரம்பியது.

அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. நுண்ணிய மணிகளாக அது இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த நீரில் அந்த மணிகள் கொஞ்சம் ஈரமாகும், அவ்வளவே. 65 முதல் 75 டிகிரிக்குள் அடுக்கு குலைகிறது. தண்ணீர் உள்ளே புகுந்து மணிகள் பெருத்துக் கூழ்த்தன்மை அடைகின்றன. அரிசி வேகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். கொதிநிலைக்கு வெகு முன்பே இந்த மாற்றம் தொடங்கிவிடுவதால் பெருந்தீ தேவையில்லை. மூடி போட்டு, தீயை ‘சிம்’மில் வைத்தால் போதும். அடிக்கடி திறந்து கிளறினால் நீராவியும் போகும், பருக்கையும் உடையும்.

எல்லா அரிசியும் ஒரேபோல் நடந்துகொள்வதில்லை. மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. நீண்ட சங்கிலியான அமைலோஸ் ஒன்று, கிளைவிட்டுப் பரந்த அமைலோபெக்டின் மற்றொன்று. அமைலோஸ் அதிகமிருந்தால் சோறு உதிரியாக வரும், குறைந்தால் ஒட்டும். ஒட்டும் அரிசி வகைகளில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அமெரிக்க நீள அரிசியின் மாவுச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமைலோஸ். அந்நாட்டு நெல்லில் கிட்டத்தட்டப் பாதியை விளைவிக்கும் ஆர்கன்சா மாநிலத்தின் பயிர் பெரும்பாலும் இந்த நீள வகைதான்.

வாணலிக்குள் புழுங்கலரிசி

அமெரிக்கக் கடையில் அரிசி வாங்குபவர் இந்தச் சமையலுக்கென்று பலநேரம் எடுப்பது, லேசான மஞ்சள் நிறமுள்ள, ‘பதப்படுத்திய’ அரிசிப் பொதியை. தமிழர் எவரும் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அது புழுங்கலரிசி.

நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகு குத்துவது தென்னிந்தியாவும் இலங்கையும் வங்கமும் பன்னெடுங்காலமாக அறிந்த முறை. எரிக் ஹூசன்லாப் என்ற ஜெர்மானிய–பிரிட்டிஷ் வேதியியலாளர் இதையே இயந்திரத் தொழிலாக்கினார். வெற்றிடத்தின் உதவியால் நெல்லுக்குள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து, நீராவியில் அவித்து உலர்த்துவது அவருடைய வழி. டெக்சாஸின் ஹூஸ்டன் நகர வணிகர் கார்டன் ஹார்வெல், 1940-களில் இந்த அரிசியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அது அமெரிக்கப் படைவீரர்களின் தட்டுக்குப் போனது. போர் முடிந்ததும் வீட்டுச் சமையலறைக்கு வந்தது.

ஒற்றை வாணலிச் சமையலுக்கு இந்த அரிசி ஏன் பொருந்துகிறது? அவிக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை கூழாகிவிடுகிறது. உலரும்போது சங்கிலிகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. பருக்கை கெட்டிப்படுகிறது. மறுமுறை வேகும்போது நீரும் நேரமும் சற்று அதிகம் கேட்டாலும், அது எளிதில் குழைவதில்லை. கறியும் தக்காளியும் கரண்டியும் புரட்டிப்போட்டாலும் தாங்குகிறது. அதன் மஞ்சள் நிறத்திலும் ஒரு செய்தி உண்டு. தவிட்டின் நிறமிகள் உள்ளே இறங்கியது ஒரு காரணம், அவிக்கும் சூட்டில் மெதுவாக நடந்த மயார் வினை இன்னொரு காரணம். கறியைப் பழுப்பாக்கிய அதே வேதியியல், வெகு மென்மையாக, அரிசிக்குள்ளும் நடந்து முடிந்திருக்கிறது.

புழுங்கல் செய்யும் இன்னொரு வேலை பல உயிர்களைக் காத்தது. தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் எனப்படும் பி1 வைட்டமின், அவிக்கும்போது நீரோடு அரிசியின் நடுப்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. பின்னர் தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் முழுவதும் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் கொத்துக்கொத்தாக மனிதர்களை அழித்தது. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைத் தாக்கிய அந்நோய், பக்கத்திலேயே உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாகவே தென்பட்டது. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. அங்கே பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து 1907-ல் நூலாகவே எழுதினார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தார். காரணம் தவறு, கவனிப்பு சரி. கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மறுபிரிவினருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்த ஃபிளெட்சர் என்ற மருத்துவரும் அதே முடிவுக்கே வந்தார். இல்லாத ஒரு சத்தால் நோய் வரும் என்ற எண்ணம் உறுதிப்பட உதவிய சான்றுகளில், தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் சோற்றுத்தட்டும் ஒன்று.

மூன்றாம் படி: 65 டிகிரி

அரிசி வெந்துவிட்டது, தண்ணீர் வற்றிவிட்டது. இனிமேல்தான் இந்தச் சமையல் அதிகம் கெடுகிற இடம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே சீஸைக் கொட்டிக் கிளறினால், சில நிமிடங்களில் ஒரு பக்கம் எண்ணெய் மிதக்கும், மறுபக்கம் ரப்பர் போன்ற கட்டிகள் திரளும். சீஸ் எதனால் ஆனது என்று பார்த்தால் காரணம் புரியும்.

பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேல் எதிர்மின்னூட்டமுள்ள மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஒட்டுவதில்லை. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட ரென்னெட்டில் கைமோசின் என்ற நொதி உண்டு. அது அந்த இழைகளை மழித்துவிடுகிறது. தடை நீங்கியதும் உருண்டைகள் கால்சியத்தின் துணையோடு கைகோர்த்து, மீன்வலை போல விரிகின்றன. பாலின் கொழுப்பும் நீரும் அந்த வலையில் சிக்கிக்கொள்கின்றன. அதை வெட்டி, மோரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, மாதக்கணக்கில் முதிரவிட்டால் செடார். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள செடார் என்ற ஊரின் பெயரையே தாங்கியது இது. இன்று அதிகமான சீஸுக்குக் கைமோசின் கன்றிலிருந்து வருவதில்லை. மரபணு மாற்றிய நுண்ணுயிரிகள் அதை உற்பத்தி செய்கின்றன. 1990-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது.

செடாரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, நான்கில் ஒரு பங்கு புரதம். சூடு ஏறும்போது 30 டிகிரியைத் தாண்டியதுமே கொழுப்பு உருகத் தொடங்கும், சீஸ் வியர்க்கும். 65 டிகிரிக்குப் பக்கத்தில் வலையின் பிணைப்புகள் தளர்ந்து முழுவதும் வழியத் தொடங்கும். நாம் விரும்பும் நிலை இது. சூடு இன்னும் ஏறினால் நீர் ஆவியாகும், புரதங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து சுருங்கும், உள்ளே பிடித்து வைத்த கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும். ஒருமுறை பிழிந்துவிட்டால் மீண்டும் சேர்ப்பது கடினம்.

எனவே அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, சோற்றின் ஆவி அடங்க ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு சீஸைத் துருவித் தூவி மூடிவிட்டால் சோற்றின் மிச்சச் சூடே அதை உருக்கும். துருவுவது அழகுக்காக இல்லை. சிறு துருவல் எங்கும் ஒரேநேரத்தில் 65-ஐ எட்டும். பெரிய துண்டின் ஓரம் எல்லை தாண்டிய பிறகும் நடுப்பகுதி உருகாமல் கிடக்கும். அரிசியிலிருந்து கசிந்த மாவுச்சத்தும் இங்கே கைகொடுக்கிறது. அது குழம்பைக் கெட்டியாக்கி, புரதங்கள் திரளாமலும் கொழுப்புத் துளிகள் ஒன்றுசேராமலும் இடையே நின்று தடுக்கிறது.

நம் ஊர்ப் பனீரைத் தூவினால் என்ன? அது உருகாது. பனீர் செய்யக் கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றுகிறோம். அமிலம் கால்சியப் பிணைப்புகளைக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. கேசின் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்கிறது, சூட்டில் விரிந்த மோர்ப்புரதமும் அதோடு சேர்ந்துவிடுகிறது. இப்படிப் பிறந்த கட்டியைச் சூடு மேலும் இறுக்குமே தவிரத் தளர்த்தாது. குழம்பில் பனீர் கரையாமல் முழுசாக நிற்பதற்கும் இதுவே காரணம்.

சீஸ் பிரிந்துபோகும் தொல்லையை வேதியியலால் தீர்த்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் 1911-ல் சீஸோடு சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கிப் பார்த்தனர். சிட்ரேட், வலையை இறுக்கும் கால்சியத்தைத் தன்வசம் இழுத்துக்கொள்கிறது. விடுபட்ட கேசின், கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. ஆறினால் கெட்டியாகி, சூடாக்கினால் எண்ணெய் விடாமல் மறுபடி உருகும் பதப்படுத்திய சீஸ் அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-ல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அவருடைய தகரடப்பாச் சீஸ் அமெரிக்கப் படைக்குப் போனது. இந்தியக் கடைகளில் கட்டியாகவும் வில்லைகளாகவும் கிடைக்கும் சீஸிலும் பெரும்பகுதி இந்த வகையே. செடார் கிடைக்காதவர்கள் இதைத் துருவிப் போட்டாலும் குறைவில்லை. கொஞ்சம் கவனக்குறைவைக்கூட அது மன்னிக்கும்.

நாக்கில் நடக்கும் கூட்டல்

மூன்று படியும் இறங்கியாயிற்று. முதல் வாயிலேயே ஒரு நிறைவு தெரிகிறது. அதற்கு உப்பும் கொழுப்பும் மட்டும் காரணம் இல்லை. 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவை தனி வகை என்றார். உமாமி என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913-ல், உலர்த்திய மீனில் உள்ள இனோசினேட்டும் அந்தச் சுவையைத் தருவதாகக் கண்டார். இரண்டையும் சேர்த்தால் சுவை வெறுமனே கூடுவதில்லை, பல மடங்கு பெருகுகிறது என்று பின்னர் அகிரா குனினாகா காட்டினார்.

2000-க்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது. நாக்கில் உமாமியை உணரும் ஏற்பியில் இரண்டு மடல்கள் உண்டு. குளுட்டமேட் இடையில் வந்து அமர்ந்ததும் அவை மூடிக்கொள்ளும். இனோசினேட் பக்கத்தில் வந்து அமர்ந்து, மூடிய மடல்கள் திறக்காமல் பிடித்துக்கொள்கிறது. செய்தி மூளைக்கு உரக்கப் போகிறது.

நம் வாணலியில் குளுட்டமேட் எங்கே? பழுத்த தக்காளியில் இருக்கிறது. முதிர்ந்த சீஸில் இன்னும் அதிகம், மாதக்கணக்கில் புரதம் உடைந்து சேர்ந்தது. இனோசினேட் எங்கே? கறியில், ஏடிபியின் மறுதுண்டாகக் காத்திருந்தது. தனித்தனியே சாப்பிட்டால் கிடைக்காத ருசி ஒன்றாகச் சேர்ந்ததும் கிடைப்பது இதனால்தான்.

மிச்சம் வைத்தால்

இறக்கம் இங்கே முடிவதில்லை. மீந்ததை எங்கே வைக்கிறோம் என்பதே கடைசிப் படி. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாகாதவை. சமைத்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. 1970-களில் பிரிட்டனில் பொரித்த சோறு சாப்பிட்ட பலர் நோயுற்றதன் காரணத்தைத் தேடியபோதுதான் இது பெரிதாக வெளிச்சத்துக்கு வந்தது. சமைத்த சோற்றை அறைவெப்பத்திலேயே விட்டுவைத்திருந்ததுதான் அங்கே வினையானது.

ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் சோறு விறைத்திருக்கும். தளர்ந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் குளிரில் மறுபடி அடுக்கிக்கொண்டதன் விளைவு அது. இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, சிறுதீயில் ஆவி பறக்கச் சூடாக்கினால் மீண்டும் மென்மையாகும். சீஸ் கொஞ்சம் எண்ணெய் விடும், அதைத் தவிர்ப்பது கடினம்.

இதே சமையலை மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியிலும் கோழியிலும் செய்யலாம். குக்கரில் செய்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உள்ளே வெப்பம் 120 டிகிரி வரை போகும். அரிசியும் கறியும் அதைத் தாங்கும், சீஸ் தாங்காது. எனவே கறியை முதலில் திறந்த குக்கரிலேயே பழுப்பாக வதக்குங்கள், பிறகு அரிசியும் நீரும் சேர்த்து மூடுங்கள், ஆவி அடங்கித் திறந்த பின்னரே சீஸைத் தூவுங்கள். பாத்திரத்தையும் கறியையும் அரிசியையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். வெப்பத்தின் வரிசையை மட்டும் மாற்ற முடியாது.